மணமகள் ஒப்பமிடும் இடம்

விடத்தல்தீவு
12.08.2024

அன்புத் தங்கச்சி ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மதினியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன் முழங்கால் நோ குறைந்ததா? மருந்தை இடையில் நிறுத்தாதே.

ரெலிபோனில் பேசியபோது நீ பாதியிலேயே வைத்துவிட்டாய். நானும் குரலை உயர்த்தினேன், அது பிழைதான். ஆகையால் எழுதுகிறேன். எழுதும்போது கோபம் கொஞ்சம் ஆறும்.

போன ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் ஒரு பத்திரிகையைக் கையில் தந்தார். முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்தும்படி கொழும்பில் மனுக் கொடுத்த பெண்களின் படம். இரண்டாவது வரிசையில் நீ. கீழே உன் பெயரும் ஊரும். "காதியார், இது உங்கட தங்கச்சியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். சுற்றி நின்றவர்கள் பத்திரிகையை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

நான் இந்தப் பகுதிக்குக் காதி நீதிபதியாகி இரண்டு வருடம். சனிக்கிழமைகளில் மதரஸா மண்டபத்தில் இருந்து இந்தச் சட்டப்படிதான் புருஷன் பெண்சாதி பிணக்குகளைத் தீர்க்கிறேன். அதே சட்டம் பிழை என்று என் கூடப்பிறந்தவள் கையெழுத்து வைக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களை இங்கிருந்து விரட்டி, நாங்கள் புத்தளம் அகதி முகாமுக்குப் போனபோது வீடும் வள்ளமும் போயின. கையில் மிஞ்சியது மார்க்கமும் அதற்கென்று இருக்கும் இந்தச் சட்டமும்தான். எங்களைப் பிடிக்காதவர்கள் அதையும் பறிக்கக் காத்திருக்கிறார்கள். இன்று மணமகளின் கையெழுத்து என்று தொடங்கினால் நாளை காதியே வேண்டாம் என்பார்கள்.

உனக்கு இந்தச் சட்டத்தால் என்ன குறை வந்தது? உன் புருஷன், மச்சான் ஸுபைர், மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை உன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. மூன்று பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். மனுவிலிருந்து உன் பெயரை எடுத்துவிடு.

பிள்ளைகளுக்கு என் ஸலாம்.

உன் நானா
மஹ்ரூப்


புத்தளம்
29.08.2024

மதிப்புக்குரிய நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் பிடிக்கும். மதினியின் சீனி வருத்தம் எப்படி? முன்பள்ளியில் இந்தத் தவணை முப்பத்துநான்கு பிள்ளைகள். ஒரு பிள்ளையை அழாமல் இருத்தினால் மற்றது தொடங்கும். சின்னவன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். துஆ செய்யுங்கோ.

பெயரை எடுக்க மாட்டேன் நானா.

நாங்கள் கேட்டதை நீங்கள் முழுதாக வாசித்தீர்களோ தெரியாது. விவாகப் பதிவுப் பத்திரத்தில் மாப்பிள்ளைக்கு ஒப்பமிட இடம் இருக்கிறது. பெண் சார்பில் பொறுப்பேற்கும் வொலிக்கு இருக்கிறது. சாட்சிகளுக்கும் பதிவாளருக்கும் இருக்கிறது. மணமகளுக்கு மட்டும் இல்லை. அங்கே அவளுக்கும் ஒரு இடம் கேட்டோம். பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்குக் காதியிடம் கேட்காமலே விவாகம் முடிக்கலாம் என்று இருப்பதைப் பதினெட்டாக மாற்றக் கேட்டோம். பெண்ணும் காதியாகலாம் என்று கேட்டோம். இதில் எது மார்க்கத்துக்கு வெளியே? தன்னைக் கேட்காமல் தகப்பன் முடித்துவைத்தார் என்று ஒரு பெண் நபிகளாரிடம் போய் முறையிட்டதையும், அவர் முடிவை அவளிடமே விட்டதையும் முகாம் மதரஸாவில் எங்களுக்குச் சொல்லித்தந்தது நீங்கள்தான்.

பறிக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அவர்களுக்காக நான் பேசவில்லை. காதி நீதிமன்றமே வேண்டாம் என்று சொன்னவர்களோடு கொழும்பில் நான் வாக்குவாதப்பட்டேன். அது பத்திரிகையில் வரவில்லை.

எனக்கு என்ன குறை என்ற உங்களுடைய மற்றக் கேள்விக்கு இப்போது எழுத நேரமில்லை. பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

மதினிக்கு ஸலாம்.

ஜெஸீமா


விடத்தல்தீவு
15.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். மதினிக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனாலும் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டும் என்று என்னோடு சண்டை. சின்னவனுக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம்.

பெயரை எடுக்க மாட்டாய் என்றால் நான் என்ன செய்ய. பள்ளி நிர்வாகத்தாரிடம் "அவ வளந்த மனுசி, நான் சொல்லிப்போட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

நேற்று ஒரு வழக்கு வந்தது. நீ கேட்கும் விஷயத்துக்குக் கிட்ட வருவதால் எழுதுகிறேன். பெரியமடுப் பிள்ளை, பெயர் ரிப்னா, வயது பத்தொன்பது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அலுவலராக இருக்கும் அன்ரோனெற் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வருடத்துக்கு முன் காவின் என்கிற விவாக ஒப்பந்தம் எழுதி முடித்தவர்கள். தகப்பன் இல்லை, மூத்த சகோதரனான காக்காதான் வொலி. இப்போது தனக்கு ஃபஸஹ் வேண்டும், அதாவது மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து வேண்டும் என்கிறாள்.

"அடிக்கிறவரா?"

"இல்லை."

"செலவுக்குத் தாறதில்லையா?"

"தாறவர்."

"அப்ப என்ன காரணம் பிள்ளை?"

"என்னைய ஒருத்தரும் கேக்கேல்ல."

"அண்டைக்கு நீ வேண்டாம் எண்டு சொன்னியா?"

"கேட்டாத்தானே சொல்லலாம்."

கன்னிப்பெண் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் மத்ஹபில், நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டமரபில், உள்ளது. அதைச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தேன். கேட்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஃபஸஹ் கொடுத்தால் நாளைக்கு எத்தனை குடும்பம் மண்டப வாசலில் நிற்கும் என்று யோசித்துப் பார்.

உடம்பைக் கவனி.

நானா


புத்தளம்
30.09.2024

நானாவுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம்.

அந்தப் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கோ. காவின் எழுதிய நேரம் அவள் எங்கே இருந்தாள்? என்ன செய்துகொண்டிருந்தாள்?

மதினிக்கு ஸலாம்.

ஜெஸீமா


விடத்தல்தீவு
27.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். இங்கே மழை தொடங்கிவிட்டது. அடம்பன் பக்கம் வயல் விதைத்தவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், கடலுக்குப் போகிறவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். எனக்குத் தடிமனும் தும்மலும், வேறொன்றும் இல்லை. உன் கடிதம் ஏன் அவ்வளவு சின்னது? சுகமில்லையா?

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். குசினியில் கோழி துப்பரவாக்கிக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வீட்டு விருந்துக்கு என்று நினைத்தாளாம்.

அவளுடைய காக்காவையும் கூப்பிட்டிருந்தேன். பெரியமடுவில் கச்சான் கடலை பயிரிடுகிறவன், கை முழுக்க மண். "தங்கச்சியைக் கேட்டனியா?" என்றேன்.

"வாப்பா இல்லாத வீடு, காதியார். நான் விடிய வெளிக்கிட்டா பொழுதுபட்டுத்தான் வாறது. குமர்ப்பிள்ளை தனிய. நல்ல இடம் வந்துது, பாதுகாப்பா இருக்கட்டும் எண்டு முடிச்சன். நான் அவளுக்குக் கெடுதல் செய்வனா?"

அவனோடு எனக்குக் கோபிக்க முடியவில்லை. கதிரையில் நேராக இருக்கவும் தெரியாத பொடியன்.

வழக்கைக் கேட்ட ஜூரிமார் மூன்று பேரில் இரண்டு பேர் ஃபஸஹுக்குப் போதிய காரணம் இல்லை என்றார்கள். ஒரு மாதம் சேர்ந்திருந்து பாருங்கோ என்று சொல்லி அவளை மாப்பிள்ளையோடு அனுப்பிவைத்தேன். அன்ரோனெற் வாசலில் வைத்து, "சேர், நீங்கள் அவளைக் கேட்டனீங்கள், ஆனா அவள் சொன்னதைக் கேக்கேல்லை" என்றாள். கிறிஸ்தவப் பிள்ளை, எங்கள் சட்டம் அவளுக்கு என்ன தெரியும் என்று அந்த நேரம் நினைத்தேன்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

நானா


புத்தளம்
05.12.2024

மதிப்புக்குரிய நானாவுக்கு,

ஸலாம். வெள்ளம் இங்கேயும் வந்தது. முன்பள்ளிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளைகளின் படப் புத்தகங்களைக் கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறோம். சின்னவனின் பரீட்சையும் இடையில் நின்று தள்ளிப்போனது. உங்கள் தடிமன் போயிருக்கும். மதினியை ஈரத்தில் நடக்க விடாதீங்கோ.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. வெள்ளத்தால் எழுதவில்லை என்று சொல்லலாம். ஆனால் வெள்ளம் நாலு நாள்தான் நின்றது.

அவளை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

நீங்கள் கேட்க வேண்டும் என்றதைக் கேட்காமலே விட்டால் நல்லது. வேண்டுமானால் கேளுங்கோ. எப்போது பதில் வரும் என்று சொல்ல மாட்டேன்.

ஜெஸீமா


விடத்தல்தீவு
26.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று துஆ செய்துகொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன்.

முதலில் வழக்கு. ரிப்னா சொன்னபடி ஒரு மாதம் போய் இருந்தாள். அந்த மாதம் முடிய முன் மாப்பிள்ளையே வந்து தலாக் சொல்லப்போவதாக அறிவித்தல் கொடுத்தான். "என்னோட இருக்க விருப்பமில்லாத ஆளை வைச்சிருந்து என்ன செய்ய" என்றான். கெட்டவனில்லை. அவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஜூரி வேண்டியதில்லை. குறித்த நாட்கள் போனதும் நேற்று சாட்சிகள் முன் சொன்னான், எழுதினேன். அவள் நாலு மாதம் நடந்து கிடைக்காதது அவனுக்குத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கிடைத்தது. இதை நீ மனுவில் எழுதியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். நானே பார்த்துவிட்டேன், என்ன செய்ய.

எனக்குப் பெரிய ஆறுதல். வழக்கு முடிந்தது என்று கொப்பியை மூடப்போனேன். அவள் எழும்பவில்லை.

"காதியார், என்ட வழக்கை மூடாதீங்கோ."

"அதுதான் அவர் விட்டிட்டாரே பிள்ளை. நீ கேட்டது கிடைச்சிட்டுது."

"அவர் விட்டதெண்டு மட்டும் எழுத வேண்டாம். என்னையக் கேக்காம முடிச்சதெண்டும் எழுதுங்கோ. நான் கேட்டது அதைத்தான்."

அவளுடைய காக்கா தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். நான் அவனைத்தான் பார்த்தேன், அவளையல்ல. பிறகு பேனையை எடுத்து அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். கோழி துப்பரவாக்கியது உட்பட. வாசித்துக் காட்டினேன். "ஓம், சரி" என்று சொல்லி ஒப்பம் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். அவ மீன் கழுவிக்கொண்டிருந்தா. திரும்பிப் பார்க்காமலே கேட்டா: "நீங்க ஜெஸீமாவைக் கேட்டனீங்களா?"

கேட்டேன் என்று சொன்னேன். உடனே சொன்னேன். தொண்ணூற்றிரண்டில், முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள் நான் குனிந்து வந்தேன். நீ உம்மாவுக்குப் பக்கத்தில், பச்சைச் சேலை தலையில் போட்டு இருந்தாய். "ஸுபைரை முடிக்கச் சம்மதமா?" என்றேன். நீ தலையைக் குனிந்தாய். பேசவில்லை. நான் வெளியே போய் மௌலவியிடம் சம்மதம் என்றேன். இத்தனை வருடமாக இது எனக்கு நல்ல ஞாபகம். ஆனால் மதினியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது ஞாபகமா, நானாக நினைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

உம்மா இல்லை, கேட்க. நீதான் இருக்கிறாய். உண்மையைச் சொல்.

நானா


விடத்தல்தீவு
16.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? சீனி வருத்தத்தோடு நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை மதினி கேட்கவில்லை.

உன் பதில் வரவில்லை. ரெலிபோன் எடுத்தேன், நீ முன்பள்ளியில் என்று சின்னவன் சொன்னான். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவனை ஏன் பொய் சொல்ல வைக்கிறாய் என்று கேட்க வந்தது, கேட்கவில்லை.

ரிப்னா சொன்னதை நான் எழுதியது வெளியே தெரிந்துவிட்டது. பள்ளி நிர்வாகத்தார் நாலு பேர் வந்தார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு எழுதச் சொன்னார்கள். கொழும்புப் பெண்களின் கையில் கிடைத்தால் எங்கள் ஊரைக் காட்டிப் பேசுவார்கள் என்றார்கள். கிடைத்தால் பேசுவார்கள்தான், அது எனக்கும் தெரியும். "அந்தப் பிள்ளை சொன்னதில எது பொய்?" என்று கேட்டேன். பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. இப்போது பள்ளியில் எனக்கு ஸலாம் சொல்கிறார்கள், கை கொடுப்பதில்லை.

இதை உனக்குக் கணக்குக் காட்ட எழுதவில்லை. வேறு எவரிடமும் சொல்ல முடியாததால் எழுதினேன்.

நானா


புத்தளம்
09.04.2025

மதிப்புக்குரிய நானாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பெருநாள் நல்லபடி போனது. மூத்தவளும் பேரப்பிள்ளையும் வந்து ஒரு கிழமை நின்றார்கள். மதினியைப் பெருநாளோடாவது மருந்தை ஒழுங்காகக் குடிக்கச் சொல்லுங்கோ.

தை மாதக் கடிதத்தை அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே வைத்துவிட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு பொய் எழுத முடியாது. உண்மையை எழுதவும் மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கவில்லை, நானா.

நான் உம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. கொட்டிலுக்குள்ளேயே இருக்கவில்லை. அன்று தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி பிந்தி வந்தது. உம்மா குடத்தைத் தந்து அனுப்பினா. ஆட்கள் வருவார்கள் என்று காலையில் சொல்லியிருந்தா, பெண் பார்க்க வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது பக்கத்துக் கொட்டில் ரஹ்மா ஓடி வந்தாள். "ஜெஸீமா, உனக்குக் காவின் எழுதி முடிஞ்சுதாம். அங்க பேரீச்சம்பழம் குடுக்கினம்" என்றாள்.

நான் வரிசையை விட்டு வரவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டுதான் வந்தேன். விட்டுவிட்டு வந்தால் அடுத்த பவுசர் மறுநாள்தான். அவ்வளவுதான் நடந்தது.

எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடச் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. புத்தகங்களை ரஹ்மாவிடம் கொடுத்தேன். இருபத்தொன்பது வயதில்தான் பரீட்சை எழுதினேன். கைப்பிள்ளையாக இருந்த சின்னவனை உங்கள் மச்சான் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் வைத்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், நீங்கள் சொன்னது சரி.

கலியாணம் முடிந்த கிழமை அவர் என்னிடம், "உன்னைக் கேட்டவங்களா?" என்றார். ஓம் என்றேன். இல்லை என்றிருந்தால் அன்றே என்னைக் கொண்டுவந்து உங்களிடம் விட்டிருப்பார், அப்படிப்பட்டவர். உங்களுக்கு இருபத்துமூன்று வயது. வாப்பா காய்ச்சலில் போய் ஒரு வருடம். எங்களுக்குப் பங்கு அரிசியைக் கொடுத்துவிட்டு நீங்கள் வெறும் தேத்தண்ணியோடு வேலைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். முகாமில் உங்களைத் தலைகுனிய வைக்க என்னால் முடியவில்லை. அவர் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே மௌத்தானார். நீங்கள் கேட்காததைவிட எனக்கு அதுதான் பாரம்.

என் வாழ்க்கை கெட்டுப்போகவில்லை. அதனால்தான் சொல்ல முடியாமல் இருந்தது. கெட்டுப்போயிருந்தால் முறையிட்டிருப்பேன், ஆட்களும் பாவம் என்றிருப்பார்கள். நன்றாக வாழ்ந்தவளுக்கு என்ன குறை என்று நீங்களே முதல் கடிதத்தில் கேட்டீர்கள். வாழ்க்கை நன்றாக அமைந்தது அல்லாஹ் தந்தது. கேட்காதது நாங்கள் செய்தது. இரண்டும் வேறு வேறு என்பது அந்தப் பெரியமடுப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயதில் தெரிந்திருக்கிறது.

மனுவில் நான் என் கதையை எழுதவில்லை. மனுவை விசாரிக்கும் குழு மே பதினாலாம் திகதி கொழும்புக்கு வரச் சொல்லியிருக்கிறது. அங்கே சொல்லப்போகிறேன். உங்கள் பெயர் வராது, "உறவினர் ஒருவர்" என்று சொல்வேன். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. வேறு ஆளின் வாயால் நீங்கள் கேள்விப்படக் கூடாது என்று அறிவிக்கிறேன்.

உங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறதா என்று நினைத்துப் பார்த்தேன். சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

ஜெஸீமா


விடத்தல்தீவு
27.04.2025

அன்புத் தங்கச்சி ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதினி சுகம். உன் கடிதத்தை அவவுக்கும் வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் அவ எழும்பிப் போய் எனக்குச் சோறு போட்டா.

கடிதம் கிடைத்த மறுநாள் மோட்டார் சைக்கிளில் பெரியமடுவுக்குப் போனேன். உன் காவினுக்குச் சாட்சியாக நின்றவர்களில் உதுமான் காக்கா மட்டும்தான் உயிரோடு இருக்கிறார். காது கேட்பது குறைவு, ஞாபகம் குறையவில்லை. அன்று நான் கொட்டிலுக்குள் போனேனா என்று கேட்டேன்.

"நீ எங்க உள்ள போனாய்? வேலியோட எங்களோட நிண்டனீ. மௌலவி 'புள்ளைக்குச் சம்மதமா?' எண்டு கேட்டார். நீதான் 'ஓம், சம்மதம்' எண்டனீ."

"புள்ளை எங்க எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையா?"

"அந்த நாளையில ஆர் மகன் கேட்டது?"

அப்படியானால் நான் முப்பத்துமூன்று வருடமாக நடக்காத ஒன்றை ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன். அதில் உன் சேலையின் நிறம்கூட இருந்தது. ரிப்னா சொன்னதை எழுத முன் அவளுடைய காக்காவைப் பார்த்தேன் என்று எழுதினேனே, அந்தப் பொடியன் என்னைவிட நேர்மையானவன். கேட்டேன் என்று அவன் பொய் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தரம் வெட்டினேன். மன்னிப்பதும் விடுவதும் உன் விருப்பம். நான் செய்தது பிழை.

காதியாகப் பெண்ணை நியமிப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அதை நேரில் பேசுவோம், நீ வெல்லப் பார். ஆனால் கையொப்பத்தில் நீங்கள் சொல்வது சரி. இந்தப் பகுதிப் பதிவாளர்கள் மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். பத்திரத்தில் இடம் இல்லாவிட்டால் வேறு தாளில், பெண்ணின் கையாலேயே சம்மதத்தை எழுதி வாங்கி இணைக்க வேண்டும். ஒருவர் ஏலாது என்றார். சட்டத்தில் அப்படி இல்லையாம், சரிதான், இல்லைத்தான். மற்ற இருவரும் செய்கிறோம் என்றார்கள். பள்ளி நிர்வாகத்தார் என்னைக் காதிப் பதவியிலிருந்து எடுக்கச் சொல்லி மேலே எழுதியிருப்பதாகக் கேள்வி. ரிப்னாவின் பக்கம் கொப்பியில் அப்படியே இருக்கிறது. நான் போன பிறகு வருகிறவரும் அதைத் தாண்டித்தான் அடுத்த வழக்கை எழுத வேண்டும்.

இனி முக்கியமானது. "உறவினர் ஒருவர்" என்று சொல்லாதே. மீராசாகிபு மஹ்ரூப், மூத்த சகோதரன், வொலியாக நின்றவர், இன்று காதியாக இருக்கிறவர் என்று சொல். பெயர் இல்லாமல் சொன்னால் கதை கட்டுகிறாள் என்பார்கள். அப்படிச் சொல்லக்கூடிய ஆட்களோடுதான் நான் தினமும் தொழுகிறேன், எனக்குத் தெரியும்.

மே பதின்மூன்றாம் திகதி மதவாச்சி, அனுராதபுரம் சுற்றி வருகிற பஸ்ஸில் புத்தளம் வந்து, அடுத்த நாள் உன்னோடு கொழும்புக்கு வரலாம் என்று நினைக்கிறேன். பின்வரிசையில் இருப்பேன். அந்த ஆள் நான்தானா என்று கேட்டால் எழும்பி ஓம் என்பேன். வேறொன்றும் பேச மாட்டேன்.

நான் வருவது உனக்கு விருப்பமா என்று எழுது. விருப்பமில்லை என்றாலும் எழுது. பதில் வராவிட்டால் நான் பஸ் ஏற மாட்டேன். நீ பேசாமல் இருப்பதை இனி ஓம் என்று எடுக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்கு ஸலாம். முழங்காலைக் கவனி.

உன் நானா
மீ. மஹ்ரூப்